கேமராவைத் திருப்பும் கை

நாடாளுமன்றக் கூட்டத்தை டி.வி.யில் பார்க்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கலாம். உறுப்பினர் ஒருவர் எழுந்து பேசுகிறார், அவர் முகம் பக்கத்தில் தெரிகிறது. அமைச்சர் பதில் சொல்ல எழுந்தால் படம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஆனால் முழு அவையையும் தூரத்திலிருந்து காட்டும்போது பார்த்தால், தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆளும் அங்கே நிற்பதில்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் மணமேடையையே மறைத்துக்கொண்டு நிற்கும் வீடியோக்காரரைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிசயம்தான். ஐந்நூறுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உட்காரும் மக்களவையில் படம் எடுப்பவர் எங்கே?

அவர் வேறு அறையில் இருக்கிறார். அவை நடக்கும் மண்டபத்தில் இருப்பது கேமராக்கள் மட்டும்தான்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பழகிவிட்டதால், இதை விளக்காமல் தாண்டிப் போக எனக்கு மனசு வரவில்லை. கேமராவுக்குக் கீழே இரண்டு மோட்டார்கள் இருக்கும். ஒன்று இடம் வலமாகத் திருப்பும், மற்றொன்று மேலும் கீழும் சாய்க்கும். லென்சுக்குள் இருக்கும் மோட்டார்கள் படத்தைக் கிட்டே இழுக்கும், தெளிவாக்கும். இவற்றுக்கெல்லாம் ஒரு கம்பி வழியாகக் கட்டளை போகிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் வீடியோ விளையாட்டுப் பிள்ளைகள் பிடிப்பதைப் போன்ற ஒரு சிறு குச்சியை அசைத்தால் போதும். அதைவிட வசதி, ஒவ்வொரு இருக்கைக்கும் கேமரா எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பதிந்து வைத்துக்கொள்வது. எண்ணைத் தட்டினால் கேமரா தானாக அந்த இருக்கைக்குத் திரும்பிவிடும். எட்டு கேமராவுக்கு எட்டு ஆள் வேண்டியதில்லை, ஒருவரோ இருவரோ போதும். எந்தக் கேமராவின் படம் வெளியே போக வேண்டும் என்பதை அதே அறையில் இருக்கும் இயக்குநர் முடிவு செய்வார்.

இந்த வித்தையின் உச்சத்தை உலகம் பார்த்தது எந்த நாடாளுமன்றத்திலும் அல்ல, நிலவில். 1971-ல் அப்பல்லோ 15 பயணம் தொடங்கி, நிலவில் ஓடிய காரின் மீது ஒரு டி.வி. கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். அதைத் திருப்பியவர் எட் ஃபெண்டல். அவர் உட்கார்ந்திருந்தது ஹூஸ்டனில். விண்வெளி வீரர்கள் நிலவிலிருந்து மேலே கிளம்பும் காட்சியை நேரலையில் காட்ட வேண்டும் என்று ஆசை. அப்பல்லோ 15-ல் கேமராவை மேலே சாய்க்கும் பகுதி கோளாறானது. 16-ல் கார் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தப்படாததால் கணக்குத் தவறியது. கடைசி வாய்ப்பு அப்பல்லோ 17, 1972 டிசம்பர் 14.

இதில் சிக்கல் என்னவென்றால், பூமியிலிருந்து கட்டளை நிலவைச் சேர ஒன்றேகால் நொடிக்கு மேல் ஆகும். படம் திரும்பி வர மறுபடியும் அவ்வளவு நேரம். கலம் கிளம்புவதைத் திரையில் பார்த்துவிட்டுக் கேமராவைத் தூக்கினால், அதற்குள் கலம் படத்தை விட்டே போயிருக்கும். ஆகவே ஃபெண்டல் திரையை நம்பவில்லை. எந்த நொடியில் எந்தக் கட்டளை என்று முன்பே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கின்படி பொத்தானை அழுத்தினார். கலம் மேலே போக, கேமராவும் கூடவே நிமிர்ந்தது. இணையத்தில் அந்தக் காட்சி இன்றைக்கும் கிடைக்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு, 'நிலவில் படம் எடுத்தவரை அங்கேயே விட்டுவிட்டா வந்தார்கள்?' என்று கேட்ட மாணவர்கள் என் வகுப்பில் வருஷத்துக்கு ஒருவராவது இருந்தார்கள். நல்ல கேள்விதான்.

மனிதன் நிலவுக்குப் போய் டி.வி. காட்டிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் எங்கள் நாமகிரிப்பேட்டையில் டி.வி. என்ற பெட்டியே கிடையாது. தமிழ்நாட்டிலேயே கிடையாது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கியது. அதே மாதம் முதல் தேதி, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டி.வி. காட்டும் சோதனையை மத்திய அரசு ஆரம்பித்தது. ஆந்திரம் இருந்தது, கர்நாடகம் இருந்தது, தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. சென்னை அலைவரிசையும் முந்நூறு கிலோமீட்டர் தாண்டி எங்கள் போதமலை அடிவாரத்துக்கு வந்து சேராது. எங்களுக்கு வானொலிதான். எங்கள் ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு ஊர் ஊராகக் கொண்டு போன நாதஸ்வர மேதை நாமகிரிப்பேட்டை கிருஷ்ணனின் வாசிப்பைக்கூட வானொலியில் கேட்டவர்கள்தான் நாங்கள். அவருக்கு 1981-ல் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்த செய்தியையும் பத்திரிகையில்தான் படித்தோம்.

மாநிலச் செய்தியும் அப்படித்தான். மஞ்சள் விளையும் ஊர் எங்களுடையது. செவ்வாய்க்கிழமை ஏலத்துக்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து மூட்டைகள் வந்து இறங்கும். விலை விழுந்த வருஷங்களில் டீக்கடையில் ஒரே பேச்சு, 'நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையில மஞ்சளைப் பத்தி ஒரு வார்த்தை பேசினாரா?' என்பதுதான். பத்திரிகையைப் புரட்டினால் 'சட்டசபையில் அமளி', 'எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு' என்று தலைப்பு இருக்கும். மஞ்சள் இருக்காது. எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால், 'நான் பேசினேனுங்க, பத்திரிகையிலதான் போடல' என்பார். பேசினாரோ இல்லையோ, அதை உறுதி செய்ய ஒரு வழியும் கிடையாது. அவைக் குறிப்பு அச்சாகி வரும், ஆனால் அதைத் தேடி யார் சென்னை நூலகத்துக்குப் போவது?

சட்டமன்றத்துக்குள் கேமரா வேண்டும் என்பது வேடிக்கை பார்க்கும் ஆசை அல்ல என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓட்டுப் போட்டவன் கணக்குக் கேட்பது அது.

கேமராவை உள்ளே விட மற்ற நாடுகளும் லேசில் சம்மதிக்கவில்லை. பிரிட்டனில் காமன்ஸ் சபை பல முறை மறுத்துவிட்டு, 1988 பிப்ரவரியில்தான் சோதனைக்கு ஒப்புக்கொண்டது. பிரதமர் தாட்சர் கடைசி வரை எதிர்த்தார். 1989 நவம்பர் 21 அன்று நேரலை தொடங்கியது. கேமராமேன்கள் அவைக்குள் நடமாடினால் கௌரவம் கெடும் என்று அங்கேயும் தூரத்திலிருந்து இயக்கும் கேமராக்களைத்தான் வைத்தார்கள். கேமராமுன் முதலில் பேசியவர் இயன் கோ என்ற உறுப்பினர். டி.வி.யில் அழகாகத் தெரிய ஆலோசனை தருகிறோம் என்று ஒரு கம்பெனி தனக்குக் கடிதம் எழுதியிருந்ததைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தார் மனிதர்.

ஆனால் சட்டதிட்டங்களைப் பாருங்கள். பேசுகிறவரின் தலையும் தோளும் மட்டும் தெரிய வேண்டும். அமளி வந்தால் அதைக் காட்டக் கூடாது, படத்தைச் சபாநாயகர் பக்கம் திருப்பிவிட வேண்டும். பார்வையாளர் மாடத்தைக் காட்டக் கூடாது. கேமரா வந்தது, கூடவே அது எந்தப் பக்கம் பார்க்கலாம் என்ற கடிவாளமும் வந்தது. அமளியில் கேமரா சபாநாயகரிடம் போய்விடும் வழக்கம் நம் டில்லியிலும் உண்டு என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்காவில் நடந்த கதை இன்னும் ருசி. அங்கே பிரதிநிதிகள் சபையை 1979 மார்ச் 19 முதல் சி-ஸ்பான் என்ற கேபிள் நிறுவனம் ஒளிபரப்பி வருகிறது. பலரும் கேமராவும் சி-ஸ்பானுடையது என்று நினைக்கிறார்கள். இல்லை. கேமராக்கள் சபைக்குச் சொந்தம், இயக்குவது சபையின் ஊழியர்கள், அவர்கள் சபாநாயகரின் கட்டுப்பாட்டில். வருகிற படத்தை வாங்கி அனுப்புவது மட்டும்தான் சி-ஸ்பான் வேலை. பேசுகிறவரை மட்டும் காட்ட வேண்டும் என்பது விதி.

1984-ல் நியூட் கிங்ரிச் முதலான குடியரசுக் கட்சியின் இளம் உறுப்பினர்கள் இதில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அன்றைய அலுவல் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, காலி நாற்காலிகளைப் பார்த்து ஆளும் ஜனநாயகக் கட்சியினரைச் சவால் விட்டுப் பேசுவார்கள். பதில் சொல்ல ஆள் இல்லை. டி.வி.யில் பார்க்கிறவனுக்கோ எதிர்த் தரப்பு வாயடைத்துப் போய் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும், ஏனென்றால் கேமரா பேசுகிறவரை விட்டு நகராதே! கொதித்துப்போன சபாநாயகர் டிப் ஓநீல், மே 10 அன்று, ராபர்ட் வாக்கர் என்ற உறுப்பினர் பேசிக்கொண்டிருக்கும்போது, கேமராவைச் சுற்றித் திருப்பிக் காலி அவையைக் காட்டச் சொன்னார். முன்னறிவிப்பு இல்லை. ஆவேசமாகக் கை வீசிப் பேசிய வாக்கர் யாருமே இல்லாத மண்டபத்தில் நிற்பதை நாடே பார்த்தது.

ஓநீல் செய்தது உண்மையைக் காட்டியதுதானே என்று எனக்குத் தோன்றும். அதே சமயம், எதிர்க்கட்சிக்காரர் பேசும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றினாரே, அது நியாயமா? அடுத்த சில நாட்களில் தகராறு முற்றி, கிங்ரிச்சைப் பற்றிச் சபாநாயகர் சொன்ன கடுமையான வார்த்தைகளை அவை விதிக்கு முரணானவை என்று கண்டிக்கும் அளவுக்குப் போனது. இதில் பெயர் பெற்றவர் கிங்ரிச். பத்து வருஷம் கழித்து அவரே சபாநாயகர் ஆனார், கேமராவைத் திருப்பும் அதிகாரமும் அவரிடம் வந்தது.

இந்தியாவுக்கு வருவோம். 1989 டிசம்பர் 20 அன்று குடியரசுத் தலைவர் இரு அவைகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை முதன்முதலாக டி.வி.யில் வந்தது. 1991 டிசம்பர் 2 முதல் மக்களவைக் கேள்வி நேரத்தைப் பதிவு செய்து மறுநாள் காலையில் போட்டார்கள். 1994 டிசம்பரில் கேள்வி நேரம் நேரலையானது. ஆரம்பத்தில் தூர்தர்ஷன் ஆட்களும் கேமராக்களும் உள்ளே போக வேண்டியிருந்தது, பிறகு தூரத்திலிருந்து இயக்கும் கேமராக்கள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டன. 2006 ஜூலையில் மக்களவையே தனக்கென்று ஒரு தொலைக்காட்சியைத் தொடங்கியது, 2011-ல் மாநிலங்களவைக்கும் ஒன்று வந்தது. 2021 செப்டம்பரில் இரண்டையும் சேர்த்து சன்சத் டி.வி. ஆக்கினார்கள்.

பட்ஜெட் நாளில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். சோதனை வருவது சண்டை நாளில். 2014 பிப்ரவரி 18 அன்று ஆந்திரத்தைப் பிரிக்கும் மசோதா மக்களவையில் நிறைவேறியபோது நேரலை நின்றுபோனது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். அன்றைக்கு ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். 2023 ஆகஸ்டில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின் மீது ராகுல் காந்தி பேசியபோது, அவர் பேசிய நேரத்தில் பாதிகூட அவர் முகத்தைக் காட்டவில்லை, சபாநாயகரையே காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அதே காங்கிரஸ் குற்றம்சாட்டியது. கேரளத்தில் 2020-ல் தொடங்கிய சபா டி.வி. மீது அங்குள்ள எதிர்க்கட்சிக்கு இதே வருத்தம். கட்சி எதுவாக இருந்தாலும், எதிர்வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற ஞானம் பிறக்கிறது.

இனி நம் கோட்டைக்கு வருகிறேன். 1989 மார்ச் 25 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் பட்ஜெட் தாக்கலின்போது நடந்த களேபரம் உங்களுக்குத் தெரியும். முதல்வர் கருணாநிதி, எதிர்க்கட்சித் தலைவர் ஜெயலலிதா. முதலில் யார் யாரைத் தாக்கினார்கள், சேலையைப் பிடித்து இழுத்தது உண்டா இல்லையா என்று அன்று முதல் இரண்டு கதைகள் இருக்கின்றன. தி.மு.க.காரர் வீட்டில் ஒன்று, அ.தி.மு.க.காரர் வீட்டில் மற்றொன்று. 34 வருஷம் கழித்து 2023 ஆகஸ்டில் டில்லி நாடாளுமன்றத்தில் நிர்மலா சீதாராமன் அதைப் பேச, சென்னையிலிருந்து மறுப்பு வந்தது. நிலவிலிருந்து கலம் கிளம்பியதை நேரலையில் காட்டிப் பதினாறு வருஷம் ஆன பிறகு நடந்த சம்பவம் இது. ஆனால் கோட்டைக்குள் நடந்ததை மக்கள் பார்க்க ஒரு நேரலை இல்லை.

அதற்குப் பிறகும் வெகுகாலம் ஆளுநர் உரை, பட்ஜெட் போன்ற சடங்கு நாட்களைத் தவிர நேரலை கிடையாது. வேண்டும்போது வெளியே வரும் காட்சித் துண்டுகள் உண்டு. 2012 பிப்ரவரி 1 அன்று எதிர்க்கட்சித் தலைவர் விஜயகாந்த் கையை நீட்டி ஆவேசமாகப் பேசியது டி.வி.யில் திரும்பத் திரும்ப வந்தது. அதற்கு முன்னால் அவரை எதிர்வரிசையிலிருந்து யார் என்ன சொன்னார்கள் என்பதை முழுதாகப் பார்க்க நமக்கு வழி இல்லை. நேரலை கேட்டு அவர் நீதிமன்றத்துக்கும் போனார். 2017 பிப்ரவரி 18, எடப்பாடி பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. நாற்காலி பறந்தது, ஸ்டாலின் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தார். அன்றும் நேரலை இல்லை. வெளியே வந்தவர்கள் சொன்னதையும் பிறகு வந்த துண்டுகளையும் வைத்துத்தான் ஊர் முழுக்க விவாதம். ஆந்திர மசோதாவும் இதுவும் ஒரே பிப்ரவரி 18-ல் அமைந்தது தற்செயல்தான், ஜோசியம் பார்க்க வேண்டாம்.

அந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் செய்திச் சேனல்களுக்குப் பஞ்சமா? சன் டி.வி. 1993 ஏப்ரல் 14-ல் வந்தது. ஆரம்ப காலத்தில் மாவட்ட நிருபர்கள் எடுத்த நாடாவைப் பஸ்சில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புவார்கள், காலையில் சேலத்தில் நடந்தது அடுத்த நாள் வந்தாலே பெரிய காரியம். இன்று நிருபர் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டால் போதும், செல்போன் அலைவரிசைகளைச் சேர்த்து நேரலை போய்விடுகிறது. ஸ்டுடியோக்களில் செய்தி வாசிப்பவர் எதிரே ஆளில்லாக் கேமராக்கள் வந்துவிட்டன. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனம் 1980-களின் கடைசியிலேயே அப்படிச் செய்தது, கேமராமேன்கள் வேலை போகிறதே என்று பதறினார்கள், அது வேறு சோகம். 2017 ஜனவரியில் மெரினா ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ராப்பகலாக வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மெரினாவிலிருந்து கோட்டை எத்தனை தூரம்? சற்று நடந்தால் வந்துவிடும். கடற்கரையில் இருந்த கேமராவுக்கு அடுத்த மாதம் கோட்டைக்குள் இடமில்லை. கருவி இல்லாததால் அல்ல, அனுமதி இல்லாததால்.

2022 ஜனவரி 6 அன்று, கலைவாணர் அரங்கத்தில் கூடிய கூட்டத்தில், கேள்வி நேரம் முதன்முதலாக நேரலையில் வந்தது. தி.மு.க. தேர்தலில் சொன்ன வாக்குறுதி, அதில் ஒரு பகுதியாவது நிறைவேறியதைப் பாராட்டத்தான் வேண்டும். எங்கள் தெருவில் மஞ்சள் போடும் நண்பர் ஒருவர் அந்த வாரம் என்னிடம் வந்து, 'ஏனுங்க வாத்தியாரே, எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க, இத்தனை நாளா எதுக்குங்க ஒளிச்சு வெச்சிருந்தாங்க?' என்றார். எந்த ஊர்ச் சாலைக்கு யார் கேட்டார், அமைச்சர் என்ன பதில் சொன்னார் என்று நம் காதால் கேட்கும்போது, எம்.எல்.ஏ. ஊருக்கு வந்து கதை அளக்க முடியாது அல்லவா.

ஆனால் கேள்வி நேரம் முடிந்ததும் வரும் நேரத்தில்தான் அவசரப் பிரச்சினைகள் வரும், சண்டையும் வரும். எதிர்க்கட்சித் தலைவர் பேசுவதைக் காட்டுவதில்லை, ஆளும் தரப்பின் பதிலை மட்டும் காட்டுகிறார்கள் என்று அ.தி.மு.க. பல முறை குறை சொல்லியிருக்கிறது. தாங்கள் ஆண்ட பத்து வருஷத்தில் ஏன் நேரலை கொடுக்கவில்லை என்று அவர்களைத் திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டு கேள்வியுமே நியாயமானவை.

உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தன் விசாரணைகளையே நேரலையில் காட்டலாம் என்று தீர்ப்பளித்து, 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வு வழக்குகளைக் காட்டத் தொடங்கிவிட்டது. நீதிபதிகளுக்கு இல்லாத கூச்சம் எம்.எல்.ஏ.க்களுக்கு எதற்கு என்று தெரியவில்லை. என்னைக் கேட்டால், அவை கூடும் நேரம் முழுக்க, பேசுகிறவரைக் காட்டும் படம் ஒன்றும், முழு அவையையும் அசையாமல் காட்டும் படம் ஒன்றும் ஆக இரண்டையும் இணையத்தில் போட்டுவிடலாம். இரண்டாவதற்குக் குச்சியும் வேண்டாம், திருப்ப ஆளும் வேண்டாம். சுவரில் ஒரு கேமராவை மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். எங்கள் ஊர் நகைக்கடையில் மாட்டியிருக்கும் கேமராவே அந்த வேலையைச் செய்யும்.

அடுத்த கூட்டத்தொடர் வரும்போது கையில் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காரப்போகிறேன். எதிர்வரிசையில் ஒருவர் எழுந்தது முதல் உட்காரும் வரை எத்தனை நிமிஷம் அவர் முகம் தெரிகிறது, எத்தனை நிமிஷம் சபாநாயகர் நாற்காலி தெரிகிறது என்று குறித்துப் பார்க்க உத்தேசம். உங்களில் யாருக்காவது பொழுது இருந்தால் நீங்களும் குறியுங்கள், பிறகு இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.